கடுக்காய் இறங்கிய வழி: ஜவ்வாது மலை உழவர்களும் பாலாற்றுத் தோல் தொட்டிகளும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் ஊர்களின் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் நாம் தோலில் தொடங்குகிறோம். டேனரி, சுண்ணாம்புத் தொட்டி, ஷூ கம்பெனி, பாழான பாலாறு என்று அந்தப் பேச்சு நீளும். அது நம் வாழ்க்கை, அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் தெற்கே தலையைத் திருப்பினால் கண்ணுக்குத் தெரியும் ஜவ்வாது மலை நம் பேச்சில் வருவதே இல்லை. அந்த மலையில் சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வரலாறும் நம் தோல் தொட்டியின் வரலாறும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள் என்பதுதான் இந்த நினைவுப் பேருரையில் நான் சொல்ல வந்தது.

இரண்டையும் இணைக்கும் பொருள் ஒன்று உண்டு. அது கடுக்காய்.

மலையும் மக்களும்

ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் ஒரு பக்கம். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை இன்னொரு பக்கம். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு மூன்றாவது பக்கம். இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கொல்லை, வாசல், மரம், நாடு. விதைத்த நிலத்தையும் நின்ற மரத்தையும் வைத்து ஊருக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். சமவெளியில் நம் ஊர்களுக்கு ஒரே பெயர் இருந்தாலும் அதற்குள் ஊர் தனி, சேரி தனி, காலனி தனி.

‘மலையாளி’ என்றால் மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர். கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அவர்களில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலையாளிகள். ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை, சித்தேரி என்று கிழக்கு மலைத்தொடர் முழுக்கப் பரவி வாழ்கிறார்கள். பழங்குடி என்றதும் நீலகிரித் தோடரின் படத்தை அச்சிடும் பாடப்புத்தகத்தில், எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் இந்த மக்களுக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது.

இந்த நிலத்தில் உழவு நேற்றுத் தொடங்கியதல்ல. திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் புதிய கற்காலக் குடியிருப்பும் கருகிய கொள்ளு, பச்சைப்பயறு மணிகளும் கிடைத்தன. ஜவ்வாது மலைமேல் கீழ்செப்பிளியில் பலகைக் கற்களால் எழுப்பிய பெருங்கற்கால ஈமச் சின்னங்களை மக்கள் ‘வாலியர் வீடு’ என்கிறார்கள். பத்துப்பாட்டின் மலைபடுகடாம் இந்த வட்டாரத்தைத்தான் பாடுகிறது. அதன் தலைவன் நன்னனின் ஊரான செங்கண்மா இன்றைய செங்கம். அதில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. தினைப்புனம் காத்த பெண்ணைக் குறிஞ்சித் திணை என்று நம் பல்கலைக்கழகங்கள் கொண்டாடுகின்றன. அந்தப் புனம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கும் தமிழ்த்துறையை நான் இன்னும் பார்க்கவில்லை.

சாமைக் கொல்லையின் அறிவு

மலை உழவை ‘பழமையானது’ என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அதன் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

சரிவான, கல் நிறைந்த நிலத்தில் ஏர் ஓடாது. அங்கே கொத்திக் கிளறி விதைக்க வேண்டும். அதனால் அது கொத்துக்காடு. கொஞ்சம் சமமாகவும் மண் கனமாகவும் இருக்கும் இடத்தில் மாடு கட்டி உழலாம். அது உழவுகாடு. முன்பெல்லாம் கோடையில் புதரை வெட்டிக் காயவைத்து எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் முதல் மழையோடு விதைத்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் விளைந்ததும் அந்த நிலத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். விட்ட நிலத்தில் காடு திரும்ப வளர்ந்தது. வடகிழக்கில் இதை ஜூம் என்கிறார்கள். மதராஸ் மாகாண ஆவணங்களில் இதன் பெயர் குமரி.

சாமை ஏறக்குறைய மூன்று மாதத்துப் பயிர். குறைந்த மழையும் மெலிந்த மண்ணும் அதற்குப் போதும். அதை மட்டும் விதைப்பதில்லை. கேழ்வரகு, தினை, துவரை, அவரை, கொள்ளு, கடுகு, பேயெள்ளு என்று கலந்தும் மாற்றியும் விதைக்கிறார்கள். மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் இன்னொன்று கைகொடுக்கும். அறுத்த தானியம் மூங்கிலால் பின்னி மண் பூசிய தொம்பைக்குப் போகும். அடுத்த ஆண்டு விதையும் அங்கேதான் இருக்கும். விதைக்காகக் கடைக்கோ கடன்காரனிடமோ போக வேண்டியதில்லை என்பது ஓர் உழவர் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பதை, சமவெளியில் பண்ணையாளாக இருந்த நம் தாத்தா பாட்டிகளிடம் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

இந்த உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. களை எடுப்பது, கதிர் அறுப்பது, விதை தேர்வது எல்லாம் அவர்கள் வேலை. சாமையின் உமி லேசில் பிரியாது. உரலில் குத்திப் புடைத்து ஒரு வேளைச் சோறு ஆக்குவதற்குள் கை ஓய்ந்துவிடும். ‘சிறுதானியம் சாப்பிடுங்கள்’ என்று நகரத்தில் விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கையைப் பற்றிப் பேசுவதில்லை.

மண உறவிலும் சமவெளிச் சாதிகளிடமிருந்து வேறுபாடு உண்டு. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுப்பார்கள். கணவனை இழந்தவரும் கணவனை விட்டுப் பிரிந்தவரும் மறுமணம் செய்துகொள்வதற்கு மரபிலேயே இடமிருந்தது. வழக்கு வந்தால் ஊர்ப் பெரியவரும் நாட்டாரும் கூடித் தீர்ப்பார்கள். இதை வைத்து மலையில் ஆண் பெண் சமத்துவம் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். பஞ்சாயம் ஆண்களுடையதாகவே இருந்தது, நிலமும் ஆண் வழியிலேயே போனது. ஆனால் வரதட்சணையும் கைம்பெண் கொடுமையும் தமிழ்ப் பண்பாட்டின் இயல்பு என்று யாராவது சொன்னால், மலையைக் காட்டி மறுக்கலாம்.

ஏழு நாய்களின் கதை

ஜவ்வாது மலையாளிகள் எப்படி மலைக்கு வந்தார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1881இல் காக்ஸ் தொகுத்து 1895இல் ஸ்டூவர்ட் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் அது பதிவாகியிருக்கிறது. 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இடம்பெற்றிருக்கிறது.

காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்கிறார்கள். இகழ்ச்சியோடு மறுப்பு வருகிறது. கோபமடைந்த வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிச் செல்கிறார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். ‘நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்ததாக நினைத்துக் காரியம் செய்துவிடுங்கள்’ என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் கடந்துவிடுகிறார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊருக்கு வந்துவிடுகின்றன. வேடர்களைக் கொன்றுவிட்டு அவர்கள் ஊர் திரும்பும்போது கருமாதி முடிந்திருக்கிறது. மனைவியர் தாலி அறுத்திருக்கிறார்கள். உயிரோடு வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலைக்குப் போய் உழவைத் தொடங்கினார்கள் என்று கதை முடிகிறது.

இது நடந்ததா இல்லையா என்பது என் கேள்வி அல்ல. இந்தக் கதை எதைக் காப்பாற்ற விரும்புகிறது என்று பார்க்க வேண்டும். ‘நாங்கள் வேளாளர் வழி வந்தவர்கள்’ என்ற மேன்மையை அது காப்பாற்றுகிறது. பெயருக்குப் பின்னால் இன்றும் தொடரும் ‘கவுண்டர்’ பட்டத்துக்கும் சேரி மக்களோடு சமமாக உட்காரத் தயங்கும் மனத்துக்கும் இதில் ஒரு வேர் இருக்கிறது. நம் தரப்பில் இதைப் பூசி மெழுகத் தேவையில்லை.

ஆனால் அதே கதை இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. உயிரோடு இருப்பவனைச் சடங்கின் மூலம் சாகடிக்க முடியும். அப்படிச் சாகடித்த பிறகு, அவன் நேரில் வந்து நின்றாலும் சமூகம் அவனைப் பார்க்காது. தீண்டாமையின் செயல்முறையை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். கதையில் வரும் பெண்களையும் கவனியுங்கள். தூக்கிச் செல்லப்பட்ட ஏழு பேர், தாலி அறுத்த மனைவியர், மலைக்குப் போன வேடர் குலப் பெண்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. மலையின் விதையும் காட்டின் அறிவும் அந்த வேடர் குலத் தாய்களிடமிருந்து வந்திருக்கத்தானே வேண்டும்? பெருமையைத் தந்தை வழியில் தேடும் கதை, மலையைக் கற்றுத் தந்த தாய் வழியை மறந்துவிட்டது. மலையாளி இளைஞர்கள் அந்த வழியில் தங்கள் வரலாற்றைத் தேடினால், நமக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ள தூரம் குறையும்.

கடுக்காய் இறங்கியது

இனி தோலுக்கு வருவோம். குரோமியம் வருவதற்கு முன் நம் வட்டாரத்தில் தோலைப் பதப்படுத்தியவை செடியும் மரமும்தான். ஆவாரம் பட்டை அடிவாரத்து வறண்ட நிலத்திலிருந்து வந்தது. கடுக்காய் மலைக்காட்டிலிருந்து வந்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். மதராஸிலிருந்து லண்டனுக்கு ஏற்றுமதியாகி ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர் வாங்கிய சரக்கின் வெளிர் நிறத்தில் கடுக்காய்க்கும் பங்கு உண்டு.

மலையில் கடுக்காயைப் பொறுக்கி உலர்த்திக் கட்டியவர்கள் பழங்குடிப் பெண்களும் குழந்தைகளும். கீழே அதை இடித்துத் தொட்டியில் கரைத்து, முழங்கால் வரை இறங்கித் தோலைப் புரட்டியவர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து போன ஆண்கள். டேனரி முதலாளி யாராக இருந்தாலும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய கால் நம்முடையது. கடுக்காயைப் பொறுக்கிய கையும் தொட்டியில் ஊறிய கையும் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. நடுவில் காண்டிராக்டர் இருந்தார், மண்டிக்காரர் இருந்தார், வனத்துறை இருந்தது.

வனத்துறை எப்படி வந்தது? 1882இல் மதராஸ் வனச்சட்டம் வந்தது. காடுகள் ‘காப்புக்காடு’ என்று அறிவிக்கப்பட்டன. உரிமை கோருபவர்கள் குறித்த கெடுவுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்றது சட்டம். எழுதப் படிக்கத் தெரியாத, அரசிதழைக் கண்ணால் பார்த்திராத மக்களுக்கு அந்தக் கெடு எதற்கு உதவும்? புனத்தை மாற்றிப் போகும் உழவு குற்றமானது. விட்டு வைத்த நிலம் ‘காடு’ என்று அரசுக்குப் போனது. கடுக்காய், தேன், புளி எல்லாம் ‘சிறு வன மகசூல்’ என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தன. தன் கொல்லைக்குப் பக்கத்து மரத்தின் காயைப் பொறுக்கும் பெண், ஏலம் எடுத்தவரின் கூலியாள் ஆனாள். பின்னாளில் லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது காண்டிராக்டரின் இடத்தில் சங்கம் வந்தது. விலை சொல்லும் உரிமை மலைக்கு வரவில்லை.

இதே காலத்தில் சமவெளியில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலமற்ற நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதன் பிறகுதான் பஞ்சமி நிலம் வந்தது. அதை எப்படி இழந்தோம் என்று இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை. காப்புக்காடு என்ற பெயரில் மலை உழவர் நிலத்தை இழந்ததற்கும் பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போனதற்கும் இடையே அதிக ஆண்டுகள் இல்லை. இரண்டும் ஒரே வருவாய் நிர்வாகத்தின் கீழ்தான் நடந்தன. ஆனால் ஒன்றை வன வரலாறு என்றும் மற்றதைத் தலித் வரலாறு என்றும் பிரித்துப் படிக்கிறோம்.

1970களில் அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த சரக்கை ஊக்குவித்தது. குரோமியப் பதனீடு பெருகியது. கடுக்காயின் மதிப்பு இறங்கியது. மலையில் ஒரு வருமானம் சுருங்கியது; கீழே நிலத்தடி நீர் கெட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. மலை அதில் இல்லை.

சந்தனம், செம்மரம், சாவு

கடுக்காய் போன இடத்தில் சந்தனம் வந்தது என்று சொல்லலாம். சந்தன மரம் அரசின் சொத்தாக இருந்தது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. வெட்டுவதற்குக் கூலி கொடுத்த கும்பல்கள் தப்பின, வெட்டிய மலைவாசிகள் அடிபட்டார்கள். ஜவ்வாதுக்குத் தென்மேற்கே சித்தேரி மலை அடிவாரத்தில், அதே மலையாளி மக்கள் வாழும் வாச்சாத்தியில், 1992 ஜூன் 20 அன்று சந்தனத் தேடலின் பெயரால் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29இல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மொத்தம் 31 ஆண்டுகள்.

சந்தனத்துக்குப் பிறகு செம்மரம். 2015ஆம் ஆண்டை நாம் மறக்கக்கூடாது. அந்த ஆண்டு ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கழிவு பாய்ந்து 10 தொழிலாளர்கள் மடிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். பத்து வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அனைவரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலை, சித்தேரி மலை வட்டாரத்து மக்கள் பலர் அதில் இருந்தார்கள். முதல் சாவுக்கு நாம் கூட்டம் போட்டோம், இரண்டாவதற்கு வேறு அமைப்புகள் போட்டன. இரண்டையும் ஒரே மேடையில் பேசியிருக்க வேண்டும்.

மலை இன்றும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதற்கு ஒன்று. 1986 முதல் ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தை ஆராய்கிறது. அதே மலைத்தொடரில், அணைக்கட்டு வட்டம் அல்லேரி மலையில், 2023 மே மாதம் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே இறக்கிவிட, தாய் குழந்தையின் உடலைச் சுமந்து கிலோமீட்டர் கணக்கில் நடந்தார்.

இனி செய்ய வேண்டியது

2006இல் வந்த வன உரிமைச் சட்டம் 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு, சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உள்ள உரிமையைக் காட்டில் வாழும் மக்களுக்குக் கொடுக்கிறது. கடுக்காய் இன்று சட்டப்படி பொறுக்குபவருடையது. தமிழ்நாட்டில் பட்டா வழங்குவதற்கு இருந்த நீதிமன்றத் தடை 2016இல்தான் விலகியது. இழந்த எட்டு ஆண்டுகளை ஈடுகட்டும் வேகத்தை அரசிடம் காணோம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஒரு கிராமம்கூட இல்லை. எனவே மலைவாசிக்குக் கிராம சபைத் தீர்மானமே கையில் உள்ள ஆயுதம்.

இந்தச் சட்டத்தில் நம்மை நேரடியாகத் தொடும் ஒரு விதி இருக்கிறது. பழங்குடி அல்லாதவர், அதாவது காட்டோரத்தில் வாழும் தலித்துகளும் பிறரும், 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததை நிறுவ வேண்டும். பதிவேட்டில் தங்கள் பெயரை ஏறவிடாத மக்களிடம் மூன்று தலைமுறைச் சான்று கேட்கிறார்கள். மறுபக்கம், பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. ஈரோடு அதில் இல்லாததால், அங்கே மலையில் வாழும் அதே மக்கள் பழங்குடி இல்லை என்றாகிறது. நமக்கு ஆண்டைக் காட்டியும் அவர்களுக்கு மாவட்டத்தைக் காட்டியும் உரிமையை மறுக்கிறார்கள்.

‘சாதி ஒழிப்பு’ நூலில் பாபாசாகேப் பழங்குடிகளின் நிலையையும் எடுத்துப் பேசினார். அவர்களை இந்தச் சமூகம் அப்படியே கைவிட்டதற்கும் சாதிதான் காரணம் என்று வாதிட்டார். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பெயரிலேயே பட்டியல் சாதியும் பட்டியல் பழங்குடியும் சேர்ந்து நிற்கின்றன. சட்டத்தின் பெயரில் கிடைத்த அந்த ஒற்றுமை நம் அமைப்புகளில் இன்னும் வரவில்லை.

எனவே மாணவ நண்பர்களிடம் மூன்று கோரிக்கைகள். ஒன்று, கடுக்காய் பொறுக்கிய கடைசித் தலைமுறைப் பெண்கள் மலையில் இருக்கிறார்கள். கடுக்காய்த் தொட்டியில் இறங்கிய கடைசித் தலைமுறை ஆண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இருவரின் வாய்மொழியையும் ஒரே நூலுக்காகப் பதிவு செய்யுங்கள். இரண்டு, மலைக் கிராம சபைகள் வன உரிமை மனு எழுதும்போது போய் உடன் உட்காருங்கள். வழிகாட்டியாகப் போக வேண்டாம். எழுத ஒரு கை, படிவம் படிக்க ஒரு கண், அவ்வளவுதான் தேவை. காடு அவர்களுக்குத் தெரியும். மூன்று, அடுத்த ஆண்டு இந்தப் பேருரையை ஒரு மலையாளிப் பெண் நிகழ்த்தட்டும். அவர் நம்மைப் பற்றியும் நாலு கடுமையான வார்த்தை சொல்லலாம். அதைக் கேட்டுக்கொள்ள நாம் இங்கே இருக்க வேண்டும்.